வலையும் வளையும்

பொழியூர்ப் பாலத்தில் எங்களை இறக்கிவிட்டுப் பேருந்து போனது. நான் கால்வாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததும் கையிலிருந்த குடை நழுவிக் கீழே விழுந்தது.

கரை முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் வலை. தோளில் வலை, சைக்கிள் கேரியரில் வலை, தலைச்சுமையாக வலை. ஒரு அம்மா இடுப்பில் குழந்தையையும் தோளில் வலையையும் போட்டுக்கொண்டு நின்றார். வாசகசாலைப் பையன்கள் வாலிபால் வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒருவர் மடித்த கொசுவலையை மார்போடு அணைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, இண்ணு என்ன பெருநாளு பிள்ள?" என்று என் தோழியைக் கேட்டேன்.

"எங்க சபையில ஒண்ணும் இல்ல. ஒங்க கோயில்ல உண்டா?" என்றாள் அவள்.

அதற்குள் கூட்டம் எங்களைப் பார்த்துவிட்டது. "டீச்சர் வந்தாச்சு! எலே, வரிசையில நில்லுங்கலே! டீச்சர் வந்தாச்சு!"

நான் அங்கே போனது நண்டு பார்க்க. நண்டு பார்ப்பதற்கு முதல் தேவை, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாமல் இருப்பது. அன்று பொழியூரில் ஈயும் காக்கையும்தான் வரவில்லை.

நண்டு படித்தவள்

சென்ற வாரம் எங்கள் பாரலல் காலேஜின் ஓலைக்கூரையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அங்கே பாடம் என்று ஏதாவது நடந்ததா?" என்று கேட்டிருக்கிறார். நடந்தது ஐயா. மழை இல்லாத நாட்களில் பிரமாதமாக நடந்தது. கேரள எல்லையோரப் பாறசாலையில், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளை உட்கார வைத்து, அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, அதே பரீட்சைக்கு அனுப்புகிற இடம் அது. நான் விலங்கியல். ஸ்டெல்லா ஆங்கிலம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊரான கொல்லயிலில், வீட்டில் அதற்கு நண்டுதான் காரணம் என்று அம்மா உறுதியாக நம்பினாள்.

"ஓரோருத்தரு டீச்சர் டிரெயினிங்கு படிக்கிய. நர்சிங்கு படிக்கிய. இவ படிச்சது நண்டு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேட்டா நான் என்னத்த மக்கா சொல்லியது?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. எம்.எஸ்ஸி. படிக்கும்போது நான் எடுத்துக்கொண்ட விஷயம், கண்டல் காட்டு நண்டுகள். கண்டல் என்பது கடலும் ஆறும் கலக்கிற உப்புச் சேற்றில் வேரை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் மரம். அந்தக் காடு நன்றாக இருக்கிறதா, நொடிந்துபோய்க் கிடக்கிறதா என்று அறிய மரத்தை அண்ணாந்து பார்த்தால் போதாது. குனிந்து சேற்றைப் பார்க்க வேண்டும். சேற்றில் நண்டு இருக்கிறதா, என்ன நண்டு, அதன் வளை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நண்டு வளை தோண்டும்போது சேற்றுக்குள் காற்று போகிறது. காற்று புகுந்த சேறு பழுப்பாக இருக்கும். புகாத சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கண்டல் இலை உதிர்ந்தால் அதை வளைக்குள் இழுத்துக்கொண்டுபோய்த் தின்கிற நண்டு ஒன்று உண்டு. அது இருந்தால் காட்டில் உதிர்ந்தது காட்டுக்கே உரமாகிறது என்று பொருள். சேற்றின் மேல்தோலை வழித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்துவிட்டுப் போகிற நண்டு இன்னொன்று. அதில் ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரியது. சேறு விஷமாகிவிட்ட இடத்தில் அதைப் பார்க்க முடியாது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கேட்கும் ஒரே கேள்வி, "டீச்சரே, அந்தப் பெரிய கை என்னத்துக்கு?" பெண் நண்டைப் பார்த்து அசைத்துக் கூப்பிடுவதற்கு என்று சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

கடல் தின்ற கரை

பொழியூர்க் கண்டல் பெரிய காடு ஒன்றும் இல்லை. கால்வாய் ஓரமாக ஒரு பட்டை, அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் வெகுகாலம் தேங்காய்த் தொண்டு, அதாவது உரித்த மட்டை, அழுகப்போடும் களம் ஒன்று இருந்தது. கயிறு திரிக்க மட்டையை நீரில் ஊறவைத்து ஊறவைத்து, அந்தச் சேறு மசி போலக் கறுத்துவிட்டது. நண்டுகள் எப்போது ஊரைக் காலிசெய்தன என்று யாருக்கும் நினைவில்லை. பிறகு கயிறு வியாபாரம் படுத்து, மட்டையைக் காயவைத்த மணல் மேட்டோடு களம் மூடிக் கிடந்தது.

ஸ்டெல்லாவின் அத்தையைப் பார்க்க அந்தப் பக்கம் போன ஒரு நாள், கண்டல் வேர்களுக்கு நடுவே ஒற்றைப் பெருங்கை நண்டு ஒன்றைக் கண்டேன். ஒன்றே ஒன்று. "ஸ்டெல்லா!" என்று நான் போட்ட கூச்சலில் அது உள்ளே போய்விட்டது. அவள் பாம்பு என்று நினைத்துப் பாலம் வரை ஓடிவிட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் நான் அந்தக் கரையில் இருந்தேன். கண்டலின் மேல் எனக்குக் காதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கண்டலை மண் போட்டு நிரப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது.

யாரையும் குறை சொல்ல முடியாது. கடல் அந்த வருடம் பொழியூர்க் கரையைத் தின்றுவிட்டிருந்தது. வள்ளம் ஏற்றிவைத்த மணல், வலையைக் காயப்போட்டு உணக்கிய மணல், பிள்ளைகள் பந்து விளையாடிய மணல் எல்லாம் போய்விட்டன. ஈர வலையைச் சாலையோரம் விரித்தால் லாரி ஏறிவிடுகிறது. வலை உணக்க ஒரு களம் வேண்டும் என்று மீனவர்கள் கேட்டார்கள். பஞ்சாயத்து மெம்பர் சத்யநேசன் கண்ணில் பட்டது, யாருக்கும் சொந்தமில்லாத கண்டல். ஒற்றசேகரமங்கலம் பக்கத்து மலைகளிலிருந்து லாரியில் செம்மண் கொண்டுவர ஏற்பாடும் ஆகிவிட்டது.

நான் மெம்பர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"டீச்சரே, அந்தச் சேத்துல நாற்றம் உண்டு, கொசு உண்டு. வேற என்ன உண்டு?" என்றார் அவர்.

"நண்டு உண்டு."

"ஒரு நண்டும் இல்ல. நான் பொறந்தது இங்க ஆக்கும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "வாற சனியாழ்ச்ச ஊருக்கு முன்னால எண்ணிக் காட்டுகேன். இருந்தா கண்டல விட்டிருங்கோ. இல்லேன்னா முதல் கூடை மண்ணு நான் கொண்டுவந்து போடுகேன்" என்று சொல்லிவிட்டேன்.

மெம்பருக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போனது. அந்தச் சனிக்கிழமையே கரையில் ஊரைக் கூட்டி, எண்ணி முடித்ததும் கை தூக்கச் சொல்லித் தீர்மானித்துவிடலாம் என்றார். வெளியே வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் இதுவரை பார்த்தது இங்கொன்று அங்கொன்றுதான். சொல்லிவைத்த நேரத்துக்கு நண்டு வெளியே வரும் என்று எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தங்கப்பனின் திருத்தம்

ஊருக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால் அந்தக் காலத்தில் தங்கப்பன்தான். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டி, உச்சக்கடையிலிருந்து பொழியூர் வரை அவர் குரல் எட்டாத அடுப்படி இல்லை. பாதித் தமிழ், பாதி மலையாளம், நடுவே தானாகச் சேர்க்கும் அலங்காரம்.

அவருக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்த வாசகத்தை அப்படியே சொல்ல மாட்டார். அதில் பிழை இருப்பதாகப் பட்டால் திருத்துவார். பிழை இருப்பதாக அவருக்கு எப்போதும் படும்.

ஒருமுறை ஒருவரின் ஆடு காணாமல் போயிற்று. "வெள்ளை ஆடு, கழுத்தில் மணி" என்று சொல்லச் சொன்னார்கள். இது சரியான வாக்கியமாக இல்லையே என்று யோசித்த தங்கப்பன், "வெள்ளை ஆடு, பெயர் மணி" என்று அறிவித்தார். அன்று மாலை வரை எங்கள் பக்கத்தில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் ஆட்கள் "மணி, மணி" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆடு எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. மணி என்று பெயருள்ள ஆண்கள் சிலர் திரும்பிப் பார்த்துச் சண்டைக்கு வந்தார்கள்.

அந்தத் தங்கப்பனிடம்தான் நான் சொன்னேன். "சனிக்கிழமை காலை பொழியூர்க் கண்டல் கரையில் நண்டு வளை கணக்கெடுப்பு. எல்லோரும் வரலாம். சேற்றில் இறங்காமல் கரையில் நின்று பார்க்க வேண்டும்."

அவர் மனதில் வாங்கிக்கொண்டு, "ஏற்றாச்சு டீச்சரே" என்றார். முகத்தில் லேசாக ஒரு இரக்கம் தெரிந்தது. அதற்குப் பொருள் எனக்குச் சனிக்கிழமைதான் விளங்கியது.

மானியம்

கூட்டத்தின் முன்வரிசையில் கிளீட்டஸ் நின்றார். வலை உணக்கக் களம் கேட்டவர்களில் முதல் ஆள், உரத்த குரல்காரர்.

"டீச்சரே, எனக்க பேரு முதல்ல எழுதுங்கோ. நான் விடியக்கு முன்னே வந்தாக்கும்."

"என்னத்துக்கு எழுதணும்?"

"நண்டு வலை கணக்கெடுப்பு இல்லியா? சர்க்காரு வலைய எண்ணினா பின்ன மானியம் உண்டு. அது எங்களுக்குத் தெரியாதா?"

ஸ்டெல்லா என் முழங்கையைக் கிள்ளினாள். எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

"நண்டு வலைக்கு மட்டும்தான் கணக்கெடுப்புன்னு மைக்கில பறஞ்சாச்சு" என்றார் இன்னொருவர். "நண்டு பிடிக்காதவன் எல்லாம் வந்து நிக்கியான் டீச்சரே. பாத்து எழுதணும்."

உடனே ஒரு பெரிய இரைச்சல். யார் நண்டு பிடிப்பவர், யார் பிடிக்காதவர் என்று. ஒவ்வொருவரும் தாங்கள்தான் உண்மையான நண்டுக்காரர் என்று நிரூபிக்கத் தொடங்கினார்கள்.

"நான் எங்க பிடிக்கியேன்? இதா, இந்தக் கண்டல்லதான்!"

"போன ஆழ்ச்ச இந்த வேருக்க அடியில ஒண்ணு பிடிச்சேன். இந்தா வலுப்பம் உண்டு!"

"எங்க வீட்டுல நாயறாழ்ச்ச கறியே இந்தக் கண்டல்ல உள்ள நண்டாக்கும்!"

விஞ்ஞானம் படித்தவள் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும். மானியத்துக்காகச் சொல்லப்படும் எந்தச் சாட்சியையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆனால் கேட்கக் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது!

அந்த நேரத்தில் மெம்பர் வந்து சேர்ந்தார். முகம் சிவந்திருந்தது. தனக்குத் தெரியாமல் தன் வார்டுக்கு ஒரு திட்டம் வந்துவிட்டதே என்ற கோபம்.

"ஆரு சொன்னது மானியம்னு? இந்தச் சேத்துல ஒரு நண்டும் இல்லேன்னு நான் எத்தர மட்டம் பறஞ்சேன்?"

"உண்டு!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "நான் ஆக்கும் சொல்லுகேன். எனக்க வலையில ஆழ்ச்சைக்கு ரெண்டு மூணு வீழும்."

கூட்டம் விலகி வழிவிட்டது. அங்கே மெம்பரின் மனைவி லில்லிபாய், இஸ்திரி போட்ட புடவையில், கையில் ஒரு வலைத்துண்டோடு நின்றார்.

மெம்பர் வலையை உற்றுப் பார்த்தார். "லில்லி, இது நம்ம கோழிக்கூட்டுக்க மேல கெடந்ததில்லியா?"

"வாயப் பொத்திட்டு மிண்டாம இரியுங்கோ" என்று பல்லைக் கடித்தார் லில்லிபாய். "டீச்சர் எழுதட்டு."

மூன்றாவது வளை

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பாலத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்த தங்கப்பனைப் பிடித்தேன்.

"தங்கப்பன் அண்ணா, நான் என்ன சொன்னேன்? நண்டு வளை. நீங்க என்ன சொன்னிய?"

"நண்டு வலை." அவர் நிதானமாக ஒரு மிடறு குடித்தார். "டீச்சரு வளைன்னுதான் சொன்னிய. நான் கேட்டேன். நண்டுக்கு ஏது வளை? கைவளையா, கால்வளையா? நண்டுக்க வீட்டுக்கு இங்க மாளம்னு சொல்லுவோம், பொத்துன்னு சொல்லுவோம். வளைன்னு சொல்ல மாட்டோம். பாவம், டீச்சருக்கு நாக்கு பிழைச்சுப்போச்சுன்னு நினைச்சு நான் ஆக்கும் திருத்தினது."

நான் என்ன செய்வது? அது என் புத்தகத்துத் தமிழ். எங்கள் பக்கத்து நண்டுகள் அதைக் கேட்டதே இல்லை.

கரைக்குத் திரும்பி வந்து, மேட்டில் ஏறி, தொண்டை கிழியக் கத்தினேன். "இது வலை எண்ணியது இல்ல! வளை! வளை எண்ணியது!"

பெண்கள் பக்கம் சலசலப்பு. அத்தனை பேரும் வளையல் குலுங்கக் கைகளை முன்னால் நீட்டினார்கள். லில்லிபாய் கோழிவலையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"வளையா? எனக்கு உண்டு. எண்ணுங்கோ."

"நண்டுக்க வளை!" என்று அலறினேன்.

"நண்டுக்கு ஏது வளை?" என்று பலர் சேர்ந்து கேட்டார்கள். தங்கப்பன் பாலத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கடைசியில் ஸ்டெல்லாதான் முன்னால் வந்து, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை அடக்கிய குரலில், "நண்டுக்க மாளம்! நண்டு இருக்கிய பொத்து! அத எண்ணி இந்தச் சேத்துக்கு உயிருண்டான்னு பாக்கத்தான் வந்தோம். மானியம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

சிரிப்பு கரை முழுவதும் பரவியது. கொசுவலைக்காரர் அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். கிளீட்டஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சரே, நண்டுக்கு வீடு உண்டு, செரி. எனக்க வலைக்கு எங்க எடம்?" என்றார். "கடலு எங்க கரைய எடுத்துக்கிட்டு. ஈர வலைய நான் எங்க கொண்டு போடட்டு?"

அவர் கேட்டதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். மானியம் இல்லை என்ற ஏமாற்றம் வேறு. இப்போது கை தூக்கச் சொன்னால் கண்டல் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மெம்பருக்கும் தெரிந்தது. அவர் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"முதல்ல எண்ணிக் காட்டுகேன்னு சொன்னேன் இல்லியா?" என்று குறுக்கே நின்றேன். "எண்ணி முடியட்டு. அதுவரைக்கும் ஆரும் அசையப்படாது. மிண்டவும் படாது."

மிண்டாதே

மழைக்காலம் முடிந்து, பொழியின், அதாவது கால்வாய் கடலில் சேரும் வாயின், மணல் திட்டு உடைந்து, கடலுக்கு வழி திறந்திருந்த நேரம். நீர் வற்றி, சேறு பளபளவென்று வெளியே கிடந்தது. அவ்வளவு பேரும் போட்ட சத்தத்தில் ஒரு நண்டும் மேலே இல்லை. வெறும் துளைகள்தான்.

பொழியூரில் ஒரு கூட்டம் பேசாமல் நிற்பது என்பது அதுவரை நடக்காத காரியம். முதலில் ஒருவர் இருமினார். பத்துப் பேர் அவரைப் பார்த்து "மிண்டாதலே" என்றார்கள். அந்தச் சத்தத்துக்கு இன்னும் சிலர் "உஷ்" என்றார்கள். தங்கப்பன் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வந்து நின்றார். குழந்தையின் வாயில் அதன் அம்மா வாழைப்பழத்தை வைத்தார்.

பிறகு உண்மையாகவே அமைதி வந்தது. கடல் சத்தம் கேட்டது. கண்டல் இலையிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. நண்டு வராவிட்டால்? முதல் கூடை மண் நான் போட வேண்டும். வாயாடி டீச்சருக்கு நன்றாக வேண்டும் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வெயில் கொஞ்சம் ஏறியது. எதுவும் வரவில்லை. மெம்பர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு துளையின் வாயில் இரண்டு குச்சிகள் போலக் கண்கள் எழுந்தன.

லில்லிபாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் நின்று பார்த்தன. பிறகு உடம்பு வந்தது. பிறகு அந்தப் பெரிய கை, மஞ்சளும் வெள்ளையுமாக. பக்கத்துத் துளையில் இன்னொன்று. வேரடியில் ஒன்று. நான் தனியாக வந்த சனிக்கிழமைகளில் பார்க்கவே பார்க்காத தூரத்தில், பழைய தொண்டுக் களத்தின் ஓரம்வரை, சேறு முழுவதும் கண் திறந்தது. அவற்றுக்குப் பின்னால் கண்டல் நிழலில் இலை இழுக்கும் நண்டு ஒன்று, பழுத்த இலையைப் பொம்மை வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு போனது.

இங்கொன்று அங்கொன்று என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு! தனியாக வந்தபோது நான்தான் ஓயாமல் நடந்துகொண்டிருந்தேன். ஊரே அசையாமல் நின்றபோதுதான் அவை முழுதாக வெளியே வந்தன. எண்ண வேண்டிய வேலையை மறந்துவிட்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. துடைத்தால் நண்டு ஓடிவிடும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

கை தூக்கியவர்கள்

மெம்பருக்கு அவசரம். லாரிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் நண்டில் லயித்திருப்பதைக் கண்டு, மூச்சுக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"செரி. இந்த எடத்த மண்ணு போட்டு நிகத்தணும்னு சொல்லியவங்க கை தூக்குங்கோ."

கிளீட்டஸின் கை மேலே போகத் தொடங்கியது. அந்த நிழல் விழுந்த இடத்தில் நாலைந்து நண்டுகள் சட்டென்று உள்ளே மறைந்தன.

"கைய தாழ்த்துலே கிளீட்டஸே!" என்று பல்லிடுக்கில் சீறினார் லில்லிபாய். "உள்ள போவுது பாரு!"

கிளீட்டஸ் கையை இறக்கினார். பெரிய மனிதர், பிள்ளை போல விழித்தார். மறைந்த கண்கள் மறுபடி எழும்வரை அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் கை தூக்கவில்லை. தூக்கினால் நண்டு போய்விடும். அவ்வளவுதான் காரணம். அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் களமும் நினைவில்லை, மண்ணும் நினைவில்லை.

மெம்பர் குரலை இன்னும் தாழ்த்தினார். "நிகத்தண்டாம்னு சொல்லியவங்க?"

மனிதர்களில் ஒருவரும் அசையவில்லை. சேற்றில் ஒற்றைப் பெருங்கை நண்டு ஒன்று தன் கையை மெல்ல உயர்த்தி, இறக்கி, மறுபடி உயர்த்தியது. பக்கத்தில் இருந்தது பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அதுவும் உயர்த்தியது. அடுத்தது, அதற்கடுத்தது. கரையின் நீளம் முழுக்கக் கைகள் ஏறி இறங்கின.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் ஒரு ஊரே சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மெம்பரின் மீசையும் ஆடியது.

ஸ்டெல்லா என் காதில், "பெண் நண்டுக்கு அந்தக் கை இல்லேன்னு நீதானே சொன்ன? அப்போ பெண்ணுங்களுக்கு ஓட்டு இல்லியா?" என்றாள்.

பெண்களின் ஓட்டை லில்லிபாய் போட்டார். எல்லோரையும் மேட்டுக்கு அப்பால் வரச்சொல்லிவிட்டு, சாதாரணக் குரலில் கணவரைக் கேட்டார். "நம்ம தொண்டுக் களம் சும்மாதானே கெடக்கு? கயிறுக் கச்சவடம் இனி எந்தக் காலத்துல வரும்? இவங்க அங்க வலை உணக்கட்டு."

மூடிக் கிடந்த அந்தத் தொண்டுக் களம் மெம்பருடையது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது.

மெம்பர் மனைவியைப் பார்த்தார், வலைகளைப் பார்த்தார், கிளீட்டஸைப் பார்த்தார். "நான் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

கிளீட்டஸ் போய் மெம்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மதியத்துக்குள் வலைகள் அத்தனையும் அந்தக் களத்தில் விரிந்தன. நனையாத வலையும், வாலிபால் வலையும், கோழிக்கூட்டு வலையும் கூட. கொண்டுவந்தது வீணாகக் கூடாதே!

மாலையில் பாறசாலைக்குத் திரும்பும் பேருந்தில் நானும் ஸ்டெல்லாவும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். தங்கப்பனின் ஆட்டோ எங்களைக் கடந்து போனது. புறப்படும் முன் அவர் என்னிடம் வந்து 'வலை', 'வளை' இரண்டையும் மாறிவிடாமல் சொல்லிப் பழகிவிட்டுத்தான் போயிருந்தார். இரண்டு குழாய்களும் சேர்ந்து முழங்கின.

"நல்லவரான நாட்டுகாரே! வலைக்கு மெம்பருக்க களம்! வளைக்கு கண்டல்! ரெண்டும் வேற வேற ஆக்கும்! இதுல திருத்தம் ஒண்ணும் இல்ல!"